சாரணியர் கண்காட்சிக்குப் போய் வந்தோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



இந்த மாதம் கடன் வசூல், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் செயலாளர் அக்கா விவரமாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் வேறு ஒரு விஷயம் பேசப் போகிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை நம் உறுப்பினர்கள் 38 பேர், இரண்டு வேனில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நடந்த சாரணியர் கண்காட்சிக்குப் போய் வந்தோம். "நூறு நாள் வேலையை விட்டுட்டு இதுக்குப் போகணுமா?" என்று இரண்டு குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போய் வந்தவர்கள் பதில் சொல்லட்டும் என்று நாங்களும் அப்போது பேசாமல் இருந்துவிட்டோம்.

சாரணியர் என்றால் யார்? பள்ளிக்கூடத்தில் நீல நிறச் சீருடை போட்டு, கழுத்தில் துண்டு கட்டி, ஆகஸ்ட் 15-க்குக் கொடி ஏற்றும்போது வரிசையில் நிற்கிற பெண் பிள்ளைகள். கைடு என்று பிள்ளைகள் சொல்லும். பையன்களுக்கு சாரணர், ஸ்கவுட். இவ்வளவுதான் நமக்குத் தெரியும். திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார்கள், அதற்குத்தான் இந்தச் சங்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கண்காட்சியை அந்தப் பள்ளியின் பழைய மாணவிகளும், ஓய்வு பெற்ற சாரணிய ஆசிரியை ஒருவரும் சேர்ந்து வைத்திருந்தார்கள். அந்த டீச்சர் முப்பது வருஷமாக ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்த படங்கள், பேட்ஜுகள், விசில், நோட்டுப் புத்தகம் எல்லாம் மேசை மேசையாக இருந்தன. சுவரில் சார்ட் பேப்பரில் வரலாறு எழுதி ஒட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குச்சியால் தொட்டுக் காட்டி விளக்கம் சொன்னார்கள். மனப்பாடம் செய்து வந்து மூச்சு விடாமல் ஒப்பித்த பிள்ளையும் உண்டு. "மெதுவா சொல்லு தங்கம்" என்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அந்தச் சுவரில் இருந்த முதல் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி பையன்களுக்காகச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். 1909 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் என்ற இடத்தில் சுமார் 11 ஆயிரம் பையன்கள் அணிவகுத்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் யாரும் கூப்பிடாமலேயே சில பெண் பிள்ளைகளும் தொப்பி, துண்டு எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றன. நீங்கள் யார் என்று கேட்டதற்கு, நாங்களும் சாரணர்தான் என்றார்களாம். விசாரித்துப் பார்த்தால், அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் இயக்கத்தில் பதிவு செய்திருந்தார்கள். முழுப் பெயரை எழுதினால் பெண் என்று தெரிந்துவிடும் என்று, சிலர் இனிஷியலை மட்டும் எழுதிச் சேர்ந்திருந்தார்கள்.

இதைக் கேட்டதும் நம் பிரதிநிதி அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். "நாம முதல்ல குழு ஆரம்பிச்சப்ப வீட்டுக்காரருக்குத் தெரியாம பத்து ரூபா கட்டினமே, அது மாதிரியில்ல இருக்கு" என்றார்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று அங்கேயும் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. பெண் பிள்ளை காட்டுக்குள் போவதா, விசில் அடிப்பதா, ஆம்பளைப் பிள்ளை மாதிரி ஆகிவிடாதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் தேசத்தில் பெண்ணுக்கு எல்லாம் கிடைத்திருந்தது என்று நாம் நினைக்கிறோம். 1909-ல் அங்கே பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால் பேடன் பவல், சாரணர் என்ற பெயரைப் பெண்களுக்குக் கொடுக்காமல் கைடு என்று வேறு பெயர் வைத்தார். 1910-ல் தன் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் தனிச் சங்கமாக்கினார். கைடு என்ற பெயர் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கைடுகள் என்ற பெயரில் ஒரு படைப்பிரிவு இருந்தது. அதிலிருந்து எடுத்ததுதான்.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். 1912-ல் வந்த அவர்களுடைய முதல் கையேட்டின் தலைப்பே, சாம்ராஜ்யத்தைக் கட்டியெழுப்பப் பெண் பிள்ளைகள் எப்படி உதவலாம் என்பதுதான். யாருடைய சாம்ராஜ்யம்? நம்மை ஆண்ட சாம்ராஜ்யம். இந்தியாவில் 1911-ல் ஜபல்பூரில் முதல் குழு தொடங்கியபோது அது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைகளுக்கு 1916 வாக்கில்தான் இடம் கிடைத்தது. அதே 1916-ல்தான், பையன்கள் சாரணர் இயக்கத்திலும் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்காத கோபத்தில், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7-ம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் என்று ஒன்றாகி, 1951 ஆகஸ்ட் 15-ல் பெண்கள் சங்கமும் அதில் இணைந்தது. இந்த விவரம் சார்ட்டில் இரண்டு வரியில் இருந்தது. நாங்கள் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருப்போம். கதவு தானாகத் திறக்கவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த மேசையில் அமெரிக்கா. ஜூலியட் லோ என்ற அம்மா 1912 மார்ச்சில் சவானா என்ற ஊரில் 18 பெண் பிள்ளைகளை வைத்து அங்கே தொடங்கினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஒரு காது ஏற்கனவே வைத்தியத்தில் கெட்டுப்போனது. கல்யாணத்தன்று வாழ்த்தி எறிந்த அரிசி ஒன்று இன்னொரு காதுக்குள் போய், அதுவும் போய்விட்டது. அங்கேயும் அட்சதை போடுவார்களா என்று நம் அக்காக்கள் ஆச்சரியப்பட்டார்கள். சங்கத்தை நடத்தப் பணம் இல்லாதபோது அவர் தன் முத்து மாலையை விற்றார். "நாம அடகுதானே வைக்கிறோம், அந்தம்மா வித்தே போட்டுச்சு" என்று ஒரு அக்கா சொன்னது எங்களுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முதல் உலகப் போர் நடந்தபோது லண்டனில் உளவுத் துறை அலுவலகத்தில் ரகசியக் காகிதங்களை அறைக்கு அறை கொண்டுபோக முதலில் சாரணப் பையன்களை வைத்திருந்தார்கள். பையன்கள் சும்மா இருக்கவில்லை, சேட்டை. அவர்களை நிறுத்திவிட்டு 14 முதல் 16 வயது கைடு பிள்ளைகளை வைத்தார்கள். வாரத்துக்கு 10 ஷில்லிங் சம்பளம். 1919-ல் பிரான்சில் சமாதானப் பேச்சுவார்த்தை நடந்தபோதும் செய்தி கொண்டுபோகச் சில பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். பொம்பளைகள் வாயில் ரகசியம் தங்காது என்று நம் ஊர் டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நமக்கு ரொம்பப் பிடித்தது உண்டியல் கதை. 1932-ல் போலந்து நாட்டில் உலகச் சாரணியர் மாநாடு நடந்தது. அங்கே பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 22-ம் தேதியைச் சிந்தனை நாள் என்று கொண்டாடுகிறோம், அது பேடன் பவலுக்கும் அவர் மனைவி ஒலேவுக்கும் ஒரே நாளில் வருகிற பிறந்த நாள், பிறந்த நாளுக்கு வாழ்த்து மட்டும் போதுமா, பரிசு வேண்டாமா என்று. உடனே ஒலேவ் அம்மையார் உலகமெங்கும் உள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு ஒரு பென்னி கொடுங்கள் என்று. ஒரு பென்னி என்பது அவர்கள் காசில் ஆகச் சிறிய காசுகளில் ஒன்று. அந்தச் சில்லறைதான் சிந்தனை நாள் நிதி. இன்றைக்கு சுமார் 150 நாடுகளில் இருக்கிற இயக்கத்துக்கு அது இன்னும் உதவுகிறது. இந்தியாவில் புனே நகரத்தில் 1966-ல் திறந்த சாரணியர் உலக மையம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? சங்கம்! நம் சொல்தான்.

1940-ல் போர் நேரத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகள் அரைநாள் சம்பளத்தை அல்லது அரைநாள் உழைப்பில் வந்த காசைக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிவர இரண்டு விமானங்கள் வாங்க 20 ஆயிரம் பவுண்டு இலக்கு. வந்து சேர்ந்ததோ அதில் இரண்டு மடங்குக்கும் மேலே. மீதியில் ஒரு உயிர்காக்கும் படகும் வாங்கினார்கள். வாராவாரம் இருபது ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கிற புது உறுப்பினர்களுக்குச் சொல்ல இன்னொரு கதை கிடைத்தது.

ஆனால் நாம் அதிக நேரம் நின்றது படங்களின் பக்கம் இல்லை. முடிச்சு மேசையில்தான். ஒரு பிள்ளை கம்பில் கயிற்றைச் சுற்றி, "இது குளோவ் ஹிட்ச்" என்று சொன்னது. நம் அக்கா ஒருவர், "ஏம்மா, இது மாட்டை முளைக்குச்சியில கட்டுறதுதானே" என்று வாங்கி, பேசிக்கொண்டே ஒரே சுற்றில் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை, டீச்சர், நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பிறகு அந்தப் பிள்ளை ரீஃப் முடிச்சைச் சொல்லிக்கொடுத்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டால் அந்த முடிச்சுதான் போட வேண்டும், அது உறுத்தாமல் தட்டையாகப் படியும். வலதை இடது மேலே, பிறகு இடதை வலது மேலே. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவிவிடும். நம்மில் பாதிப் பேர் இத்தனை நாள் அந்த நழுவுகிற முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மூங்கில், இரண்டு சட்டை வைத்து ஸ்ட்ரெச்சர் செய்து, நம் ஊக்குநர் அக்காவையே அதில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். அவர் எடை எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டோம்.

இன்னொரு மேசையில் 24 பொருளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். என்னென்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். சந்தையில் காய் விற்கிற நம் உறுப்பினர் 21 சொன்னார். எம்.எஸ்.டபிள்யூ. படித்த நாங்கள் 13.

பிள்ளைகள் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாக இருப்பார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு தலைவி, ஒரு துணைத் தலைவி. அணித் தலைவிகள் கூடி, டீச்சரோடு உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அதற்குத் தீர்மான நோட்டும் உண்டு. டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு பழைய நோட்டைப் புரட்டினோம். முகாமில் யார் விறகு, யார் தண்ணீர், யார் சமையல், தாமதமாக எழுந்த அணிக்கு என்ன வேலை, எல்லாம் பிள்ளைக் கையெழுத்தில் இருந்தது. கீழே எல்லோர் கையெழுத்தும். நம் குழு நோட்டில் கூட சில மாதம் கையெழுத்து விட்டுப்போகிறது, அக்காமார்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

ஹாலின் கடைசியில் ஒரு கூடாரம் அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே பாய், ஒரு வாளி, டார்ச் லைட், மடித்து வைத்த போர்வை. அவ்வளவுதான். நம் உறுப்பினர் ஒருவர் அதற்குள் குனிந்து போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தலை சுற்றுகிறதோ என்று நாங்களும் உள்ளே போனோம்.

அவர் பெண் இரண்டு வருஷம் முன்பு ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். சாரணியர் குழுவில் ஆறாம் வகுப்பிலிருந்து இருந்தவள். மூன்று நாள் முகாமுக்குப் போனால்தான் அடுத்த நிலைத் தேர்வுக்குத் தகுதி என்று சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் அம்மா கையெழுத்து வேண்டும். அந்த அக்கா குழுக் கூட்டம் முடிந்ததும் எங்களிடம்தான் வந்து கேட்டார், அனுப்பலாமா என்று. நாங்கள் அன்றைக்கு அடுத்த குழுவின் கணக்கு பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்தோம். எந்த இடம், எந்த டீச்சர் கூடப் போகிறார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "தெரியாத இடம், எதுக்கு வம்பு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டோம். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வு என்று அந்தப் பள்ளியில் முகாமுக்கு யாரையும் அனுப்பவில்லை. அந்தப் பெண் சீருடையை மடித்துத் தங்கச்சிக்கு என்று வைத்துவிட்டாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் கண்காட்சிக்கு வா என்று கூப்பிட்டதற்கு வரவில்லை.

கூடாரத்துக்குள் அந்த அக்கா பாயைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கா வேணாம்னு சொன்னோம்?"

சொன்னேன் என்று சொல்லவில்லை. சொன்னோம் என்றுதான் சொன்னார். எங்களையும் சேர்த்துத்தான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போது நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவரும் உள்ளே வந்தார். 1974-ல் எடுத்த ஒரு குரூப் போட்டோவில், இரண்டாவது வரிசையில் நின்ற பிள்ளை தான்தான் என்று அன்றைக்குக் காலையில்தான் எங்களுக்குக் காட்டினார். பதினைந்து வருஷமாக நம் கூட்டமைப்பில் இருக்கிறார், ஒரு நாளும் சொன்னதில்லை. இப்படிச் சொன்னார்: "முகாம்ல நாங்களே பள்ளம் தோண்டி அடுப்பு வெச்சோம். ராத்திரி முறை போட்டுக் காவல் இருந்தோம். எனக்கு முதல் நாள் ராத்திரி ஒரே அழுகை. மூணாம் நாள் திரும்பி வர மாட்டேன்னு அழுகை." பிறகு இடது கையை நீட்டினார். சாரணியர் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள், இதயம் இருக்கிற பக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். நம் ஊரில் இடது கையை நீட்டினால் அடி விழும். அந்த அக்கா சிரித்துக்கொண்டே இடது கையால் பிடித்து எழுந்தார்.

சகோதரிகளே, பயம் இல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. பெண் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மடியில் நெருப்பு கட்டிக்கொண்டு இருக்கிற தாய்க்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நாம் செய்ய வேண்டியது விசாரிப்பது. நாங்கள் அன்றைக்குச் செய்யாததும் அதுதான். யாருக்காவது கடன் கொடுப்பதற்கு முன்னால் எத்தனை கேள்வி கேட்கிறோம்? அதே மாதிரி கேட்க வேண்டும். முகாம் எந்த ஊரில், எந்தக் கட்டடம்? பயிற்சி பெற்ற சாரணிய ஆசிரியை எத்தனை பேர் இரவிலும் கூடத் தங்குகிறார்கள்? வண்டியில் பெண் ஆசிரியை யார்? கழிப்பறை, குளியலறை கதவு தாழ்ப்பாளோடு இருக்கிறதா? பிள்ளைக்கு மாதவிலக்கு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தால் எடுப்பவர் யார்? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பள்ளிக்கு அனுப்பலாம். "எங்களை நம்ப மாட்டீங்களா" என்று கோபப்பட்டால் யோசியுங்கள்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி மாவட்டம் மணப்பாறையில் சாரண சாரணியர் வைர விழாப் பெருந்திரள் முகாம் நடந்தது. நாடு முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரத்தில்தான் தங்கினார்கள். அவர்களுக்கும் அம்மா இருக்கிறார்கள், அவர்களும் பயந்துதான் அனுப்பியிருப்பார்கள்.

இப்போது நம் முன்னால் இருப்பது இதுதான். அந்தப் பள்ளியில் அடுத்த மாதம் மூன்று நாள் முகாம். குழுவில் 32 பிள்ளைகள். இதுவரை படிவம் கொடுத்தது 9 பேர். மீதி 23 பேரில் 17 பேர் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள். பெயர் வாசிக்க மாட்டோம், உங்களுக்கே தெரியும்.

தலைமை ஆசிரியரிடம் பேசினோம். மேலே சொன்ன கேள்விகளை எழுதியே கொடுத்தோம். எழுத்தில் பதில் வந்திருக்கிறது, கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம், வந்து படியுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் ஒன்று உடைந்திருப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள், முகாமுக்கு முன் சரி செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் நம் தரப்பில் இரண்டு அம்மாக்கள் வேனிலேயே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர அனுமதி கிடைத்திருக்கிறது. ஒருவர் அந்த 1974 போட்டோ அம்மா. இன்னொருவர், கூடாரத்துக்குள் உட்கார்ந்த அக்கா. அவராகவே பெயர் கொடுத்தார்.

சீருடைக்குப் பணம் இல்லை என்று நான்கு பேர் சொன்னார்கள். பெரிய பிள்ளைகள் விட்ட பழைய சீருடை வீட்டில் இருந்தால் துவைத்து அலுவலகத்தில் கொடுங்கள். அளவு பார்த்து வாங்கிப்போய், பிள்ளை வளர்ந்ததும் திருப்பித் தர வேண்டும். உள்கடன் மாதிரியேதான், வட்டி மட்டும் கிடையாது. இதுவரை ஒரு செட் வந்திருக்கிறது. அந்த அக்காவின் பெண் கொடுத்து அனுப்பியது. தங்கச்சிக்கு அது இன்னும் பெரிதாக இருக்கிறதாம்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் வருகிற 14-ம் தேதி, மாலை 4 மணி. கைநாட்டு வைத்தாலும் செல்லும். வெள்ளிக்கிழமை முழுவதும் நாங்கள் அலுவலகத்தில்தான் இருப்போம், அன்றைக்கு எந்தக் குழுவின் கணக்கும் பார்க்கப் போவதில்லை.